மண்மேட்டில் நட்ட களை

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரத்தோட்டை பஸ் கண்டக்டருக்கும் தெரியும். ஆகவே ஏதோ பூப்போன்ற மனதோடு, பொறுமையே பூஷணமாக நான் பாடசாலையில் தோட்டம் போட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தத் தோட்டம் கோபத்தில் தொடங்கியது, கோபத்தில்தான் வளர்ந்தது. இன்று நினைத்தாலும் உடம்பெல்லாம் பரபரக்கிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. இரத்தோட்டைக்கு மேலே, தேயிலை தொடங்கும் வளைவில் இருந்த ஓர் அரசாங்கத் தமிழ்ப் பாடசாலைக்கு என்னைப் பாலர் வகுப்பு ஆசிரியையாகப் போட்டார்கள். அதுதான் என் முதல் நியமனம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளை அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்கு வந்தவர், நான் மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்குள் யாழ்ப்பாணப் பேச்சு, வாசல் படலைக்கு வெளியே ஊர்ப் பேச்சு. வீடு இருந்த அலுவிகாரையிலிருந்து மாத்தளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இரத்தோட்டைக்கு ஒரு பஸ், பிறகு மூச்சு வாங்க வாங்க நடை. போய்ச் சேரும்போது என் சேலைக் கரை சேற்றிலும், என் குணம் கொதிநிலையிலும் இருக்கும்.

பெரிய கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதுதான் என் வகுப்பு. கொட்டகையின் முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு உயரத்தில் ஒரு மண்மேடு. செக்கச் செவேலென்று, ஒரு புல் பூண்டு இல்லாமல், மொட்டையாக நின்றது. ஒவ்வோர் ஐப்பசியிலும் மழை அடித்ததும் அந்த மேட்டிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுமாம். நான் வருவதற்கு முந்திய மழையில் சேறு கொட்டகைக்குள் வந்து, பிள்ளைகள் உட்காரும் பாய்களையெல்லாம் மூடிவிட்டது. நல்லவேளையாக அன்று விடுமுறை.

நான் பொறுப்பெடுத்துச் சில வாரங்களில் வித்தியாதரிசி வந்தார். பாடசாலைகளைப் பார்வையிடும் அதிகாரி அவர், யாழ்ப்பாணத்து மனிதர். சுவரில் காய்ந்திருந்த சேற்றுக் கோட்டைக் குடைக் கம்பியால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னொருக்கா சேறு உள்ளுக்கு வந்துதெண்டால் நான் இந்தக் கொட்டிலை மூடத்தான் வேணும். பாலர் வகுப்புப் பிள்ளையளைக் கீழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கோ. பிள்ளையளின்ர உயிரல்லோ முக்கியம்" என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் கீழ்ப் பள்ளிக்கூடம் டவுனில் இருந்தது. என் பிள்ளைகளில் பாதிப் பேர் லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகிற வழியில் கையோடு இழுத்து வந்து என் வாசலில் விட்டுவிட்டு ஓடுவார்கள். மற்றப் பாதி, பக்கத்துக் கிராமத்தில் மிளகும் கராம்பும் வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள். ஐந்து வயதுப் பிள்ளையை பஸ் ஏற்றி டவுனுக்கு யார் அனுப்பப் போகிறார்கள்? கொட்டகையை மூடினால் படிப்பே நின்றுவிடும். அது எனக்கும் தெரியும், தாய்மாருக்கும் தெரியும்.

தலைமை ஆசிரியர் கல்மதில் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். பணமில்லை என்று பதில் வந்தது. அவர் மாத்தளை டவுன் முஸ்லிம் மனிதர், தங்கமான குணம், ஆனால் துப்புரவுப் பைத்தியம். முன் வாசலில் குரோட்டன் செடிகள் பட்டாளம் மாதிரி வரிசையாக நிற்கும். அவற்றின் காலடியில் சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கற்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சுரண்டிகளோடு வந்து மைதானத்தையும் மேட்டையும் செதுக்குவார்கள். களையை வேரோடு வழித்தெடுக்கும் வளைந்த தகடுதான் சுரண்டி, தேயிலைத் தோட்டத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும். ஒரு புல் தலைகாட்டினாலும் தலைமை ஆசிரியருக்குத் தூக்கம் வராது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் கொட்டகை வாசலில் நின்று அந்தச் செதுக்கலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தற்செயலாகத் திரும்பிப் பாதையின் அந்தப் பக்கம் பார்த்தேன். அங்கேயும் அதே உயரத்தில் ஒரு மேடு இருந்தது. தேயிலை நடச் செங்குத்து என்று தோட்டத்தார் கைவிட்டது. புல்லும் புதரும் கொடியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு காடாகக் கிடந்தது. அது விழுந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. மழையும் அதே மழைதான், மண்ணும் அதே மண்தான். நாங்கள்தான் வாராவாரம் எங்கள் மேட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்தோம்! எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வேகத்திலேயே தலைமை ஆசிரியரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சேர், அந்த மேட்டை இனி ஒருத்தரும் தொடக் கூடாது. அதுல நான் காட்டுச் செடி நடப் போறேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ன டீச்சர் சொல்றீங்க? ஸ்கூல்னா ஸ்கூல் மாதிரி இருக்க வேணாமா? காடு மண்டிப் போச்சுன்னு ஊரே சிரிக்கும். வேணும்னா நம்ம குரோட்டன்ல கம்பு வெட்டித் தாறேன், வரிசையா நடுங்க."

"குரோட்டன் கப்பல்ல வந்தது சேர். நம்ம மழையை அதுக்குத் தெரியாது."

எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியாது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த மனிதர் அதற்குப் பிறகு மறுக்க முடியாமல் போனார். "சரி, பின்னால உள்ள மேடு உங்களுக்கு. முன்னால உள்ளது எனக்கு. வித்தியாதரிசி கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்.

திங்கட்கிழமை வந்ததும் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு செடி கொண்டுவரச் சொன்னேன். அடுத்த நாள் காலை கொட்டகை கல்யாண வீடாகிவிட்டது. ரோஜா, ஜெரேனியம், பெயர் தெரியாத மஞ்சள் பூ, எல்லாம் வேரோடு! இவ்வளவு அழகான செடிகள் லயத்தில் ஏது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தேயிலைத் தோட்டத் துரை பங்களாவின் தோட்டக்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். செடி என்றால் பிள்ளைகளுக்குப் பங்களாவில் இருப்பதுதான் செடி. எல்லாவற்றையும் அவர் கூடையில் திருப்பிப் போட்டு, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தேன்.

"யாரும் நடாத செடி. யாரும் தண்ணி ஊத்தாமலே வளர்ற செடி. அதைக் கொண்டாங்க" என்றேன்.

வகுப்பே சிரித்தது. "டீச்சர், அது களை டீச்சர்!"

"அந்தக் களைதான் வேணும்."

பிறகு வந்தது பாருங்கள்! மலைச்சரிவில் கத்தி மாதிரி நிற்கும் மானாப் புல், ஓடைக்கரை வெட்டிவேர், பாவட்டை, நொச்சி, பன்னம், ஊதாப் பூப் பூக்கும் போவிட்டியா. முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் காட்டு நெல்லிக் கன்றும் கித்துள் பனைக் கன்றும் கொண்டுவந்தார்கள். பெயர் தெரிந்தவை பாதி, தெரியாதவை பாதி. சிங்களப் பெயர் தெரிந்தால் சிங்களத்தில் சொன்னோம், அதுவும் தெரியாவிட்டால் கொண்டுவந்த பிள்ளையின் பெயரையே செடிக்கு வைத்தோம். அந்த வாரம் முழுக்க நான் கணக்குப் பாடம் எடுத்ததாக ஞாபகம் இல்லை.

சித்திரை மழையில் எல்லாம் வேர் பிடித்துக்கொண்டன. அதற்கப்புறம் ஒவ்வொரு காலையும் எனக்குத் திருவிழாதான். பஸ்ஸில் இருக்கும்போதே இன்று என்ன துளிர்த்திருக்கும் என்று மனம் குறுகுறுக்கும். மானா இடுப்பளவு வந்தது. போவிட்டியா பூத்ததும் வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. ஒரு தேன்சிட்டு கொட்டகை யன்னலில் வந்து உட்கார்ந்துகொண்டு பாடத்தைக் கெடுத்தது. நான் அதை விரட்டவில்லை, பிள்ளைகளோடு சேர்ந்து வாயைப் பிளந்து பார்த்தேன். தலைமை ஆசிரியர்கூட இடைவேளையில் பின்பக்கம் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்.

ஐப்பசி நெருங்கியது. வித்தியாதரிசி வியாழக்கிழமை வருகிறார் என்று தபால் வந்தது. அப்படித் தபால் வந்தால் எங்கள் பகுதியில் சிரமதானம் வைப்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பெற்றோரெல்லாம் கூடி, பாடசாலையைத் துப்புரவாக்கிக் கொடுப்பார்கள். கூலி கிடையாது, தேத்தண்ணியும் பணிசு ரொட்டியும் மட்டும்தான். எனக்கு அந்த ஞாயிறு மாத்தளையில் சொந்தக்காரர் கல்யாணம். "முன்பக்கம் மட்டும்தான் சேர்" என்று தலைமை ஆசிரியரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேன். அவரும் அதையே ஆட்களிடம் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை பாடசாலைக்குள் நுழைந்து கொட்டகைப் பக்கம் திரும்பினேன். மேடு செக்கச் செவேலென்று இருந்தது.

ஒரு புல் இல்லை. ஒரு இலை இல்லை. விளிம்பெல்லாம் நேர் பிடித்துச் செதுக்கியிருந்தது. நட்ட நடுவே, சுண்ணாம்பு அடித்த கற்களால் பெரிய எழுத்தில் 'நல்வரவு' என்று பதித்திருந்தார்கள். என் போவிட்டியாவும் பாவட்டையும் நொச்சியும் குப்பைக் குழியில் குவிந்து கிடந்தன. அங்கேயே குந்திவிட்டேன். மூன்று நாளில் வித்தியாதரிசி. மேலே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மூடத்தான் போகிறார்கள் என்று அப்போது நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கங்காணி ஒருவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். அவருடைய கடைசி மகள் என் வகுப்பில்தான் படித்தாள். சிரமதானத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான்.

"பார்த்தீங்களா டீச்சரம்மா? முன்பக்கம் பன்னெண்டு மணிக்கெல்லாம் முடிஞ்சிருச்சுங்க. பெரிய சேர் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிட்டாரு. நம்ம பாலர் டீச்சர் மேடு மட்டும் காடா கிடக்கே, பாவம் பொம்பளப் புள்ள தனியா என்ன செய்யும்னு பொம்பளைங்கதான் சொன்னாங்க. அவரு திரும்புறதுக்குள்ள எல்லாரும் சேர்ந்து உங்களுக்காகச் செஞ்சு முடிச்சோம்ங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் படலைக்கு உள்ளே இருக்க வேண்டிய பேச்சு வெளியே பாய்ந்துவிட்டது. "என்ன வேலை செய்து வச்சிருக்கிறியள்! அது களையில்லை! எல்லாம் நான் நட்டது! பிள்ளையள் நட்டது!" என்று கத்தினேன். பிள்ளைகள் நான் அப்படிப் பேசிக் கேட்டதேயில்லை. தேன்சிட்டைப் பார்த்த மாதிரி என்னை வாயைப் பிளந்து பார்த்தார்கள். கத்தியதற்காக நான் இன்றும் வெட்கப்படவில்லை. கத்த வேண்டிய நேரம் அது.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "நட்டீங்களா? புள்ளைங்க விளையாட்டுக்குப் புடுங்குதுங்கன்னுல்ல நினைச்சோம்" என்றார். நம்பவே முடியாமல் இன்னொரு தடவை கேட்டார். "மானாவையா நட்டீங்க?"

"ஓம்!"

"டீச்சரம்மா, எங்க அப்பன் காலத்துல இருந்து அதைப் புடுங்கத்தாங்க எங்களுக்குச் சம்பளம். தேயிலைக்குள்ள ஒரு மானா நின்னாலும் கணக்கப்பிள்ளை அரைப் பேருதான் போடுவாரு. அதைப் போயி யாராச்சும் நடுவாங்களா?"

அரைப் பேர் என்றால் அரை நாள் கூலி. அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே திகைத்துப்போய்க் கேட்டார். நான் அவரைத் தரதரவென்று பாதைக்கு அழைத்துப் போய் எதிர்ப்பக்க மேட்டைக் காட்டினேன். அது ஏன் விழவில்லை, எங்களுடையது ஏன் விழுகிறது, விழுந்தால் வியாழக்கிழமை என்ன ஆகும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் அந்த மேட்டையும் பார்த்தார், இந்த மேட்டையும் பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எம்புள்ள இஸ்கூலை நானே இழுத்து மூடிட்டேனா?" என்றார்.

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மேட்டின் மேல் தாவி ஏறி, விரலால் மண்ணைக் கிளறினார். "டீச்சரம்மா! மானாவும் வெட்டிவேரும் தலையைத்தாங்க சீவியிருக்கோம். வேரு உள்ளதான் இருக்கு! வேலை விட்டதும் எல்லாரையும் கூட்டியாறேன்!" என்று கத்திக்கொண்டே தோட்டப் பாதையில் ஓடினார்.

அன்று பின்னேரம் நான் பஸ்ஸைப் பற்றி நினைக்கவேயில்லை. கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு பெண்கள் கூடைகளோடு வந்தார்கள். கூடை நிறையக் குப்பைக் குழியிலிருந்து மீட்ட செடிகள், போதாததற்கு மலையிலிருந்து புதிதாகப் பிடுங்கியவை. ஆண்கள் குழி தோண்ட அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டுவந்தார்கள். கங்காணி கயிறு பிடித்து முளை அடிக்கத் தொடங்கினார்.

"காட்டுச் செடியை வரிசையில நடுறதா? காடு எங்கயாவது வரிசையில நிக்குமா?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"வரிசை இல்லாம எங்களுக்கு நடத் தெரியாதுங்க!" என்று ஒரு தாய் மேலேயிருந்து குரல் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். கடைசியில், சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடிப்பது என்று சமாதானமானோம்.

அந்தப் பெண்களின் விரல்களைப் பார்க்க வேண்டும்! ஒரு குத்து, ஒரு அழுத்து, அடுத்த செடி. வெட்டிப் போட்ட மானாவை மண்ணின் மேல் கூரை வேய்வது போலப் பரப்பினார்கள். அது நழுவாமல் இருக்கக் கம்பு தேவைப்பட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார்கள், கம்பு போதவில்லை. தலைமை ஆசிரியர் அதுவரை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கல் சுமந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து முன் வாசலைப் பார்த்தார்.

"குரோட்டனை வெட்டுங்க" என்றார்.

"சேர், அது உங்க..." என்று இழுத்தேன்.

"வெட்டுங்க டீச்சர், நான் மனசு மாறுறதுக்குள்ள வெட்டுங்க!"

பட்டாளம் மாதிரி நின்ற அவ்வளவும் அரை மணி நேரத்தில் முளைக்குச்சிகளாயின. 'நல்வரவு' கற்களைப் பெயர்த்து மேட்டின் அடியில் அணையாக அடுக்கினார்கள். கொட்டகைக்கும் மேட்டுக்கும் இடையே இருந்த, தண்ணீர் ஓடும் கானைத் தோண்டி ஆழமாக்கினார்கள். செவ்வாய்க்கிழமையும் வந்தார்கள். அன்றைக்கு முஸ்லிம் கிராமத்துத் தகப்பன்மாரும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். வேலை முடிந்தபோது மேடு அழகாக இருந்ததென்று சொல்ல மாட்டேன். சலூனில் பாதியில் எழுந்து வந்தவன் தலை மாதிரி இருந்தது. ஆனாலும் அதைக் கட்டிப்பிடிக்கலாம் போல எனக்கு ஆசை ஆசையாக வந்தது.

புதன்கிழமை பின்னேரம் மழை பிடித்தது. அலுவிகாரையில் எங்கள் வீட்டு ஓட்டின் மேல் அது விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. நான் சாப்பிடவில்லை. அப்பா ஏதோ ஆறுதல் சொன்னார், அவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

வியாழன் காலை பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. பாதையில் மண்சரிவு. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன், பிறகு ஓடினேன். வழியெல்லாம் மேடுகள் பெயர்ந்து கிடந்தன. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் இன்னும் வேகமாக ஓடினேன். பாடசாலை வளைவில் திரும்பினால், கொட்டகையைச் சுற்றிக் கூட்டம். சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு தாய்மார் நிற்கிறார்கள். வேலைக்குப் போக வேண்டிய நேரத்தில் ஒருவரும் போகவில்லை. அவர்களுக்கு நடுவே, முழங்கால் வரை சேற்றோடு வித்தியாதரிசி. அவரும் நடந்துதான் வந்திருக்கிறார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பார்த்தேன். மேட்டின் ஒரு மூலை, வேரே மிஞ்சாமல் பிடுங்கியிருந்த அந்த மூலை, சரிந்திருந்தது. சேறு இறங்கி வந்து, வெள்ளைக் கல் அணையைத் தாண்டி, கானை நிரப்பியிருந்தது. மற்ற இடமெல்லாம் மானாவின் வெட்டுத் தலைகள் மண்ணைக் கவ்விப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றன.

வித்தியாதரிசி மேட்டை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் இதைத் துப்புரவாக்கேல்லை?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் கங்காணி முன்னால் வந்தார். "துப்புரவாக்கினதாலதாங்க ஐயா வருசா வருசம் விழுந்துச்சு. இனி ஒருத்தனும் இதுல சுரண்டி வைக்க மாட்டான். நான் பொறுப்புங்க."

வித்தியாதரிசி கால் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போனார். நாங்கள் வாசலில் நெருக்கியடித்து எட்டிப் பார்த்தோம். மேட்டுப் பக்கச் சுவரோரம் குனிந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்து அழுத்தினார். கையைத் திருப்பிப் பார்த்தார். வெறும் தூசி.

"பிள்ளையள் எங்கை? மணியை அடியுங்கோ" என்றார்.

தலைமை ஆசிரியர் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று போட்ட சத்தம் லயம் வரைக்கும் கேட்டிருக்கும். மணியை அவரே ஓடிப்போய் அடித்தார். தாய்மார் பிள்ளைகளின் சேற்றுக் கால்களை வாசலிலேயே கழுவி, ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி விட்டார்கள். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும்தான். அன்று நான் எழுத்தும் சொல்லிக் கொடுக்கவில்லை, கணக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. "உட்காருங்க" என்று மட்டும் சொன்னேன். உட்கார்ந்தார்கள். உட்காரத் தரை இருந்தது.